முப்பதாண்டுக் கணிப்பா, தெருவின் மட்டமா: காலநிலை இடரை அளக்க ஒரு மும்பை வங்கி எந்த வழியைத் தேர்வது?

மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகில் உள்ள ஒரு மளிகைக் கடையின் உட்சுவரில், இடுப்பளவு உயரத்தில், பழுப்பேறிய கோடு ஒன்று ஓடுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானபோது அந்தக் கடைக்குள் நின்ற தண்ணீரின் மட்டம் அது. அதன்பின் பலமுறை வெள்ளையடித்தும், கடையை நடத்தும் அண்ணாச்சி அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் பூசாமல் விட்டுவைத்திருக்கிறார். அவருடைய கடையில் அடித்தட்டு தரையிலிருந்து இரண்டடி மேலேதான் தொடங்குகிறது. அரிசி மூட்டைகள் இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கின்றன. ஜூன் பிறந்ததும் பருப்பும் புளியும் மிளகாய் வற்றலும் பரணுக்கு ஏறிவிடும். "மழை வலுத்துச்சுன்னா ராத்திரியே பசங்களை அனுப்பி மிச்சத்தையும் மேல ஏத்திருவோம், சார். காலையில வந்து பாத்துக்கலாம்னு இருந்தா மூட்டை போயிரும்" என்றார்.

அவருக்கு எங்கள் கூட்டுறவு வங்கி கொடுத்திருக்கும் கேஷ் கிரெடிட் கணக்கின், அதாவது சரக்கை ஈடாக வைத்து வேண்டும்போது எடுத்துத் திரும்பக் கட்டும் கடனின், கோப்பை, அன்று மாலையே கிளைக்குத் திரும்பி எடுத்துப் பார்த்தேன். கையிருப்புச் சரக்கைக் காட்டி மாதாமாதம் வரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் குறையில்லை. எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று பார்க்கச் சரக்கின் மதிப்பில் நாங்கள் கழித்துக்கொள்ளும் பங்கான மார்ஜின் ஜனவரியிலும் ஜூலையிலும் ஒன்றேதான். கடையின் பரப்பளவு இருக்கிறது, வாடகை ஒப்பந்தத்தின் நகல் இருக்கிறது, காப்பீட்டுப் பாலிசியின் முதல் பக்கம் இருக்கிறது. தெருவின் மட்டத்தைவிடக் கடையின் தரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, தண்ணீர் இதுவரை எத்தனை முறை உள்ளே வந்திருக்கிறது என்று எழுதுவதற்கு அந்தக் கோப்பில் ஒரு கட்டம்கூட இல்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. தாராவி, சயான், மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தலைமுறைகளாகத் தொழில் செய்துவரும் தமிழர்களைப் பெருமளவில் உறுப்பினர்களாகக் கொண்ட ஒரு நடுத்தரக் கூட்டுறவு வங்கியின் மேலாண்மைக் குழுவில் நான் இருக்கிறேன். காலநிலை சார்ந்த இடரை எந்த முறையில் மதிப்பிடுவது என்று இந்த ஆண்டு நாங்கள் முடிவு செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் வெளியிட்ட வரைவு நெறிமுறை, நகரக் கூட்டுறவு வங்கிகளில் 10,000 கோடி ரூபாய்க்கு மேல் வைப்புத்தொகை உள்ள நான்காம் அடுக்கு வங்கிகளைத்தான் உள்ளடக்கியது. எங்கள் வங்கி அதற்குப் பல படிகள் கீழே இருப்பதால் சட்டக் கட்டாயம் எதுவும் எங்களுக்கு இல்லை. ஆனால் மழை அடுக்குப் பார்த்துப் பெய்வதில்லை என்பதால், கட்டாயம் வரும்வரை காத்திருப்பது பொறுப்பாகாது என்று குழு ஒருமனதாகக் கருதியது. எந்த வழி என்பதில்தான் கருத்து பிரிந்தது. உலகின் ஒழுங்காற்று அமைப்புகள் கடந்த பத்தாண்டுகளில் நான்கு வழிகளை முயன்று பார்த்திருக்கின்றன. அந்த நான்கையும் எங்களைப் போன்ற ஒரு வங்கியின் கண்ணால் ஒப்பிட்டு, எதை முதலில் எடுக்க வேண்டும் என்று நான் ஏன் கருதுகிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன், அளக்கப்படும் பொருள் எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2015 செப்டம்பரில், அப்போது இங்கிலாந்து வங்கியின் ஆளுநராக இருந்த மார்க் கார்னி, லண்டனில் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையினர் முன் ஆற்றிய உரையில் இந்த இடரை மூன்றாகப் பிரித்தார். வெள்ளம், புயல், வறட்சி, வெப்பம் ஆகியவை நேரடியாகச் சொத்தையும் வருமானத்தையும் தாக்குவது பௌதிக இடர். கரிமத்தைக் குறைக்கும் சட்டங்களும் புதிய தொழில்நுட்பங்களும் பழைய தொழில்களின் மதிப்பைக் குலைப்பது மாற்றநிலை இடர். பாதிக்கப்பட்டவர்கள் காரணமானவர்கள்மீது இழப்பீடு கோரும்போது எழுவது பொறுப்பு இடர். மூன்றும் வங்கிக்குள் வரும்போது புதிய பெயரோடு வருவதில்லை. வாராக்கடனாக, மதிப்பிழந்த ஈடாக, ஒரே வாரத்தில் பலர் வைப்புத்தொகையைத் திரும்ப எடுக்கும் நெருக்கடியாக, பழைய வாசல்கள் வழியாகத்தான் வருகின்றன. காப்பீட்டு நிறுவனத்துக்கோ அது இருபுறமும் தாக்கும்: ஒருபுறம் கொடுக்க வேண்டிய இழப்பீடு கூடும், மறுபுறம் பிரீமியத்தை முதலீடு செய்துள்ள பங்குகளும் பத்திரங்களும் விலை குறையும்.

முதல் வழி, வெளிப்படுத்தச் சொல்வது. ஜி20 நாடுகளின் நிதி நிலைத்தன்மை வாரியம் 2015இல் அமைத்த பணிக்குழு, 2017இல் நான்கு தலைப்புகளைக் கொடுத்தது: நிர்வாகம், வியூகம், இடர் மேலாண்மை, அளவீடுகளும் இலக்குகளும். 2023 ஜூனில் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2 என்ற சர்வதேச அறிக்கைத் தரமும், ரிசர்வ் வங்கியின் 2024 வரைவும் அதே நான்கு தூண்களின்மீதுதான் நிற்கின்றன. இந்த வழியின் பலன், பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை இயக்குநர் குழுவின் மேசைக்குக் கொண்டுவருவது. அது சிறிய பலன் அன்று. ஆனால் எங்கள் குழுவின் உறுப்பினர் ஒருவர் முன்வைத்ததுபோல, ஆலோசகர் ஒருவரை அமர்த்தி நாற்பது பக்க அறிக்கை தயாரிப்பதிலிருந்து தொடங்கினால், அந்த நாற்பது பக்கத்தில் எழுத எங்களிடம் உண்மையில் எதுவும் இருக்காது. அளக்காததை வெளிப்படுத்த முடியாது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய வங்கிகளுக்கு முதலீட்டாளர்கள் என்ற வாசகர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆண்டறிக்கையை வாசிப்பவர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள்தான், அவர்கள் கேட்பது வேறு. ஆகவே இந்த வழியை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.

இரண்டாம் வழி, மேலிருந்து கீழாக ஒழுங்காற்று அமைப்பே கணக்கிடுவது. நெதர்லாந்தின் மத்திய வங்கி 2018இல் இதைச் செய்து காட்டியது. கரிம வெளியீட்டின்மீது விதிக்கும் விலை திடீரென ஒரு டன்னுக்கு 100 டாலர் ஏறுவது, தொழில்நுட்பம் சட்டென்று மாறுவது, இரண்டும் ஒன்றாக நடப்பது, மக்களின் நம்பிக்கை குலைந்து முதலீடு நின்றுபோவது என்ற நான்கு நிலைகளை ஐந்தாண்டுக் காலத்துக்கு வைத்து, நாட்டின் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளும் எந்தத் தொழில்களில் எவ்வளவு பணம் வைத்திருக்கின்றன என்ற தரவின்மீது அவற்றை ஓட்டிப் பார்த்தது. ஐரோப்பிய மத்திய வங்கி 2021இல் இதையே பெரிய அளவில் செய்தது: உலகெங்கும் சுமார் 40 லட்சம் நிறுவனங்கள், யூரோ பகுதியின் சுமார் 1,600 வங்கிகள், முப்பது ஆண்டுக் காலம். ஒரே அளவுகோலை எல்லோர்மீதும் வைப்பதால் வங்கிகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும் என்பதும், வங்கிகள் தங்கள் இடரைத் தாங்களே குறைத்துச் சொல்ல வாய்ப்பில்லை என்பதும் இதன் வலிமை. ஆனால் இது ஒழுங்காற்று அமைப்பின் கருவி. தனி வங்கி ஒன்று இதைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்குத் தரவு கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கத்தான் முடியும். இந்தியாவில் இதற்கான அடித்தளமாக, காலநிலை இடர்த் தகவல் அமைப்பு ஒன்றை உருவாக்கப்போவதாக ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் அறிவித்தது: எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று சொல்லும் பொதுப் பட்டியல் ஒன்று, ஒழுங்காற்றுக்கு உட்பட்ட நிறுவனங்கள் பயன்படுத்தும் தரவுத்தளம் ஒன்று. அது முழுமையாகக் கைக்கு எட்டும்போது எங்களைப் போன்றவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

மூன்றாம் வழிதான் குழுவில் நீண்ட விவாதத்துக்கு உள்ளானது. எதிர்காலச் சூழ்நிலைகளை ஒழுங்காற்று அமைப்பு வரையறுத்துக் கொடுக்க, ஒவ்வொரு வங்கியும் தன் கடன்தொகுப்பின்மீது தானே கணக்கிட்டுச் சொல்லும் முறை இது. சூழ்நிலைகளுக்கு அடிப்படை, மத்திய வங்கிகளும் கண்காணிப்பு அமைப்புகளும் 2017 டிசம்பரில் பாரிஸில் தொடங்கிய என்ஜிஎஃப்எஸ் என்ற கூட்டமைப்பின் வெளியீடுகள். ரிசர்வ் வங்கி 2021 ஏப்ரலில் அதில் சேர்ந்தது. பிரான்சின் கண்காணிப்பு ஆணையம் 2020-21இல் 9 வங்கிக் குழுமங்களையும் 15 காப்பீட்டுக் குழுமங்களையும் கொண்டு 2050 வரையிலான பயிற்சியை நடத்தியது. வங்கிகளின் மொத்த இடர் மிதமானது என்று முடிவு வந்த அதே பயிற்சியில், சில மாவட்டங்களில் இயற்கைப் பேரிடருக்கான காப்பீட்டு இழப்பீடு ஐந்தாறு மடங்கு உயரக்கூடும் என்ற செய்தியும் வந்தது. நாட்டுச் சராசரிக்குள் மாவட்டத்தின் துன்பம் மறைந்துபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இங்கிலாந்து வங்கி 2021 ஜூனில் தொடங்கி 2022 மேயில் முடிவுகளை வெளியிட்ட பயிற்சியில் மூன்று நிலைகள் இருந்தன: உடனே செயல்படுவது, தாமதித்துச் செயல்படுவது, எதுவும் கூடுதலாகச் செய்யாமல் இருப்பது. ஒவ்வொன்றும் முப்பது ஆண்டுக் காலம். காலநிலை இழப்புகள் வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் ஆண்டு லாபத்தைச் சராசரியாக 10 முதல் 15 விழுக்காடுவரை குறைக்கக்கூடும் என்றும், நிறுவனத்துக்கு நிறுவனம் கணிப்புகள் பெரிதும் வேறுபடுகின்றன என்றும் முடிவு வந்தது. அந்த எண்களை வைத்து, இழப்பைத் தாங்க நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டிய மூலதனத்தின் அளவை உயர்த்தப்போவதில்லை என்று இங்கிலாந்து வங்கி தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. இந்த நேர்மையை நான் மதிக்கிறேன். கற்றுக்கொள்வதற்காக நடத்தப்பட்ட பயிற்சி அது. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது தவறு.

ஐரோப்பிய மத்திய வங்கி 2022இல் நடத்திய சோதனை இன்னும் கண்டிப்பானது. 104 வங்கிகள் பங்கேற்றன; அவற்றுள் 60 விழுக்காட்டு வங்கிகளிடம் காலநிலை இடருக்கான அழுத்தச் சோதனை முறையே, அதாவது மோசமான நிலை வந்தால் எவ்வளவு இழப்பு என்று கணக்கிடும் முறையே, இல்லை என்று தெரிந்தது. நிதித்துறை சாராத நிறுவன வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதிகக் கரிமம் வெளியிடும் தொழில்களிலிருந்து வருவதும் தெரிந்தது. இழப்பைக் கணக்கிட்ட 41 வங்கிகளின் கூட்டுத்தொகை சுமார் 7,000 கோடி யூரோ. அதுவும் உண்மையைவிடக் குறைந்த மதிப்பீடுதான் என்று அறிக்கையே சொன்னது. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் 2023இல் நாட்டின் ஆறு பெரிய வங்கிகளைக் கொண்டு ஒரு முன்னோட்டம் நடத்தி, 2024 மேயில் அதன் சுருக்கத்தை வெளியிட்டது. வடகிழக்கு மாநிலங்களைப் பெரும் சூறாவளி தாக்கினால் வீட்டுக்கடன்களும் வணிகக் கட்டடக் கடன்களும் என்னவாகும் என்பது அதில் ஒரு கேள்வி. கட்டடங்கள் எப்படிக் கட்டப்பட்டவை, அவற்றுக்கு எவ்வளவு காப்பீடு இருக்கிறது என்ற தரவு போதவில்லை என்று உலகின் மிகப் பெரிய வங்கிகளே சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு அண்ணாச்சியின் கோப்புதான் நினைவுக்கு வந்தது. பல நூறு நிபுணர்களை வைத்திருக்கும் வங்கிகளுக்கும் எங்களுக்கும் குறை ஒரே இடத்தில் இருக்கிறது. 2050இன் வெப்பநிலையைக் கணிக்கும் மாதிரி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், அது கடைசியில் வந்து உட்கார வேண்டிய இடம் ஒரு குறிப்பிட்ட கட்டடம், ஒரு குறிப்பிட்ட பாலிசி. அந்த இடம் காலியாக இருந்தால் மேலே உள்ள கணக்கு முழுவதும் ஊகத்தின்மீது நிற்கிறது.

நீண்டகாலக் கணிப்புகளுக்கு உள்ளேயே வேறொரு நடுக்கமும் உண்டு. வெப்பநிலை உயர்வு உலகப் பொருளாதாரத்தை எவ்வளவு பாதிக்கும் என்று சொல்லும் சேதச் சமன்பாட்டை, 2024 நவம்பரில் வெளியான தன் ஐந்தாம் கட்டச் சூழ்நிலைகளுக்காக, அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்விலிருந்து என்ஜிஎஃப்எஸ் எடுத்துக்கொண்டது. உஸ்பெகிஸ்தானின் பொருளாதாரத் தரவில் இருந்த பிழைகள் அந்த ஆய்வின் முடிவைப் பெரிதும் உயர்த்திக் காட்டியதை மற்ற ஆய்வாளர்கள் 2025இல் சுட்டிக்காட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஆய்வு திரும்பப் பெறப்பட்டது. காலநிலை மாற்றத்தின் சேதம் பொய் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டக் கூடாது. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறை இப்படித்தான். ஆனால் ஒரு நாட்டின் சில ஆண்டுத் தரவு உலகக் கணிப்பையே அசைக்க முடியும் என்றால், அந்தக் கணிப்பின் ஒற்றை எண்ணை எடுத்து சயானில் உள்ள ஒரு தையற்கூடத்தின் கடன் வட்டியை நிர்ணயிக்க முடியாது. அந்த அளவுக்கு மட்டும்தான் என் வாதம்.

நான்காம் வழி, இருக்கும் இடத்திலிருந்து தொடங்குவது. ஒவ்வொரு ஈடும் ஒவ்வொரு தொழிலும் எங்கே நிற்கிறது, அந்த இடத்துக்கு என்ன ஆபத்து, அது எவ்வளவு தாங்கும் என்று கணக்கெடுப்பது. இது வங்கிகளைவிடக் காப்பீட்டுத் துறைக்குப் பழகிய வழி. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி ஃப்ளோரிடாவைத் தாக்கியபோது பல காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. கடந்தகால இழப்பீட்டுச் சராசரியை மட்டும் நம்பியிருந்த துறை அதன்பிறகுதான் பேரிடர் மாதிரிகளைப் பரவலாகக் கைக்கொண்டது. ஆபத்தின் வலு, சொத்தின் இருப்பிடம், சொத்து தாங்கும் திறன், பாலிசியின் நிபந்தனைகள் என்ற நான்கையும் அடுக்கி இழப்பைக் கணக்கிடுவது அந்த மாதிரிகளின் அமைப்பு.

காப்பீட்டாளரிடமிருந்து வங்கியாளர் கற்க வேண்டியது இந்த அடுக்கை. காப்பீட்டாளரிடமிருந்து வங்கியாளர் கவனமாக வேறுபடுத்திப் பார்க்க வேண்டியது காலத்தை. காப்பீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கானது. காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் இடருக்காகத் தாமே எடுக்கும் மறுகாப்பீட்டு ஒப்பந்தங்களும் இந்தியாவில் வழக்கமாக ஏப்ரல் 1 அன்று புதுப்பிக்கப்படுகின்றன. வெள்ளம் அதிகரித்தால் காப்பீட்டாளர் அடுத்த ஆண்டே பிரீமியத்தை உயர்த்தலாம், நிபந்தனையை இறுக்கலாம், பகுதியை விட்டே விலகலாம். 2023 மேயில் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் கலிஃபோர்னியாவில் புதிய வீட்டுப் பாலிசிகளுக்கான விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது இதற்கு அறியப்பட்ட உதாரணம். ஆனால் அதே வீட்டுக்கு இருபதாண்டுக் கடன் கொடுத்த வங்கி எங்கும் போக முடியாது. காப்பீட்டாளர் விலகும் நாளில் அவருடைய இடர் முழுவதும் வங்கியின் தோளுக்கு மாறிவிடுகிறது. காப்பீட்டுத் துறையை ஐஆர்டிஏஐயும் வங்கித் துறையை ரிசர்வ் வங்கியும் தனித்தனியே மேற்பார்க்கும் நம் ஏற்பாட்டில், இந்த மாற்றம் நடக்கும் இடத்தை இருவரும் சேர்ந்து பார்ப்பது மிகவும் தேவை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

காலத்தைப் பற்றி இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் குழுவிலேயே பலருக்கு அது வியப்பாக இருந்தது. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றால் நம் காலத்தில் வராது என்று பொருளில்லை. ஆண்டுதோறும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே பொருள். இருபதாண்டு வீட்டுக்கடன் ஒன்றின் ஆயுளுக்குள் அப்படியொரு வெள்ளம் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 18 விழுக்காடு. காலநிலை மாறி அதே வெள்ளம் ஐம்பதாண்டுக்கு ஒருமுறை என்றானால் அது சுமார் 33 விழுக்காடாகிறது. கடன் கொடுக்கும் மேலாளர் ஒருவர் வேறு எந்த இடரிலும் மூன்றில் ஒன்று என்ற வாய்ப்பைக் கோப்பில் குறிக்காமல் கையெழுத்திட மாட்டார்.

இனி பாலிசிக்கு வருவோம். கோப்பில் பாலிசி இருக்கிறது என்பதைக் கொண்டு வங்கி நிம்மதி அடைவது பெரிய பிழை. அண்ணாச்சியிடம் மழைக்கால முன்பருவத்தில் 20 லட்ச ரூபாய்ச் சரக்கு இருக்கிறது என்றும், பாலிசி 12 லட்சத்துக்கு மட்டுமே எடுக்கப்பட்டிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 10 லட்ச ரூபாய்ச் சரக்கு நனைந்து வீணானால், பாலிசித் தொகைக்குள் அடங்குகிறதே என்று முழுத் தொகையும் வராது. குறைகாப்பீட்டு விதியின்படி 20க்கு 12 என்ற விகிதத்தில், 6 லட்சம்தான் வரும். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற சிறுதொழில் பாலிசி, சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கானது. வெள்ளம் அதில் உள்ளடங்கியிருக்கிறது, 15 விழுக்காடு வரையிலான குறைகாப்பீட்டைக் கண்டுகொள்வதில்லை என்ற சலுகையும் உண்டு. நம் உதாரணத்தில் குறை 40 விழுக்காடு என்பதால் அந்தச் சலுகை உதவாது. எங்கள் கோப்புகளில் பாலிசியின் முதல் பக்கம் மட்டும் இருப்பதையும், பாலிசித் தொகையை உச்சகாலச் சரக்கு மதிப்போடு யாரும் ஒப்பிடாததையும் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இதைச் சரிசெய்ய எந்த மாதிரியும் எந்த ஆலோசகரும் தேவையில்லை. கடன் புதுப்பிக்கும் நாளில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. முதலாவது, நுணுக்கம் தேவைப்படும் அளவு. 400019 என்ற பின்கோடுக்குள் மழைக்குத் தண்ணீர் தேங்கும் தெருவும் இருக்கிறது, தேங்காத தெருவும் இருக்கிறது. ஒரே தெருவில் படியேறிப் போகும் கடையும் படியிறங்கிப் போகும் கடையும் அடுத்தடுத்து இருக்கின்றன. பின்கோடை வைத்து வரைபடம் போட்டால் நல்லவரும் தண்டனை பெறுவார். இரண்டாவது, இந்த முறை கண்ணில் படும் ஆபத்தை மட்டும் பார்க்கும். மாற்றநிலை இடர் சுவரில் கோடாகத் தெரியாது. இறக்குமதிப் பொருள்களைச் செய்யும்போது வெளியான கரிமத்துக்கு விதிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி 2026 ஜனவரியிலிருந்து முழு அளவில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் ஆகியவற்றோடு போல்ட், நட்டு, திருகு வகைகளும் அதில் அடங்கும். எங்கள் கடன்தொகுப்பில் அப்படி ஏற்றுமதி செய்யும் பட்டறைகள் மிகச் சில. டீசல் லாரிகளுக்குக் கொடுத்த கடன்கள் அவற்றைவிட அதிகம். இந்த இரு பிரிவுகளுக்கு மட்டும் மூன்றாம் வழியின் எளிய வடிவத்தை, அதாவது செலவு கூடினால் தவணை கட்ட முடியுமா என்ற கணக்கை, ஐந்தாண்டுக் காலத்துக்குப் போட்டுப் பார்த்தால் போதும்.

மூன்றாவது குறைதான் என்னைத் தூங்கவிடாதது. இடத்தை வைத்து இடரை அளக்கத் தொடங்கும் வங்கி, சீக்கிரமே இடத்தை வைத்துக் கடனை மறுக்கவும் தொடங்கும். தாராவியில் தொண்ணூறடிச் சாலையை ஒட்டித் தோல் பை தைப்பவர்களும், விடியற்காலையில் இட்லி அவித்துத் தலையில் சுமந்து நகரம் முழுவதும் விற்பவர்களும் தாழ்ந்த இடத்தில் இருப்பது அவர்கள் விரும்பிச் செய்த தேர்வு அன்று. அவர்களுக்குக் கடன் கொடுக்கத்தான் இந்த வங்கி தொடங்கப்பட்டது. வரைபடத்தில் சிவப்பு நிறம் பூசி அவர்களை விலக்கினால், அவர்கள் கந்துவட்டிக்காரரிடம் போவார்கள். வெள்ளம் வந்தால் இரட்டை இழப்பு. ஆகவே அளவீட்டின் பயன் என்ன என்பதை அளப்பதற்கு முன்பே தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும் என்று நான் குழுவில் வலியுறுத்தினேன். தண்ணீர் புகும் கடைக்குக் கடன் மறுக்கப்படாது. மழைக்கால மாதங்களில் தரைமட்டச் சரக்குக்கு மட்டும் மார்ஜின் கூடும். தட்டை உயர்த்தவும், வாசலில் தடுப்புப் பலகை பொருத்தவும், மோட்டாரையும் மின்பலகையையும் மேலே மாற்றவும் சிறு தவணைக்கடன் குறைந்த வட்டியில் கிடைக்கும். உயர்த்தி முடித்தவருக்கு மார்ஜின் பழைய நிலைக்குத் திரும்பும். அண்ணாச்சி தன் சொந்தப் பணத்தில் செய்துவைத்திருக்கும் இரண்டடி உயரத்துக்கு எங்கள் கணக்கில் இதுவரை ஒரு மதிப்பும் இல்லை என்பது அநியாயம்.

நான்கையும் எடைபோடும்போது நான் ஒரே கேள்வியைத்தான் அளவுகோலாக வைத்தேன்: இந்த முறையில் கிடைக்கும் விடை, அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் வங்கி எடுக்கும் எந்த முடிவை மாற்றும்? வெளிப்படுத்தல் எங்கள் நிலையில் எதையும் மாற்றாது. மேலிருந்து செய்யும் சோதனை எங்கள் கையில் இல்லை. முப்பதாண்டுச் சூழ்நிலைப் பகுப்பாய்வு, மின்நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் கடன் கொடுக்கும் பெரிய வங்கிக்கு இன்றியமையாதது. அவர்கள் இன்று கையெழுத்திடும் கடனின் ஆயுள் அவ்வளவு நீளம். எங்கள் தொகுப்பில் பெரும்பகுதி ஓராண்டில் புதுப்பிக்கப்படுவது. அதை மாற்றக்கூடியது இருப்பிடக் கணக்கெடுப்பும் பாலிசிச் சரிபார்ப்பும்தான். வீட்டுக்கடன் விதிவிலக்கு, அங்கே மேலே சொன்ன 18, 33 என்ற கணக்கை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் போட வேண்டும்.

கணக்கெடுப்பு முடிந்தபின் ஓர் எளிய அழுத்தச் சோதனையையும் நாங்களே செய்ய முடியும். தண்ணீர் புகும் என்று குறிக்கப்பட்ட எல்லாக் கடைகளிலும் ஒரே நாளில் இரண்டடித் தண்ணீர் நிற்கிறது. மூன்று மாதம் அவர்களால் வட்டி கட்ட முடியவில்லை. 90 நாள் விதிப்படி அவை வாராக்கடனாகின்றன. பாலிசிப் பணம் மேலே சொன்ன விகிதத்தில்தான் வருகிறது. அந்த நிலையில் எங்கள் மூலதனம் எவ்வளவு குறையும், அதே வாரத்தில் வைப்புத்தொகை எடுக்க வருபவர்களுக்குக் கொடுக்கக் கையில் பணம் இருக்குமா? மாநகராட்சியின் எஃப் வடக்கு, ஜி வடக்கு ஆகிய இரு வார்டுகளில் எங்கள் கடன்களில் எத்தனை பங்கு குவிந்திருக்கிறது என்பது அப்போது முதல்முறையாகத் தெரியவரும். சென்னையில் 2015இலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் அம்பத்தூர்ப் பட்டறைகளுக்கு நேர்ந்ததை உறவினர்கள் மூலம் கேட்டறிந்த எங்கள் உறுப்பினர்கள் பலர், அந்தக் கேள்வியை எங்களுக்கு முன்பே தங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

குழு இந்த வரிசையை ஏற்றது. மாதுங்கா, சயான், தாராவி ஆகிய மூன்று கிளைகளில், பருவமழைக்கு முன் மே இறுதிக்குள், புதுப்பிக்க வரும் ஒவ்வொரு கேஷ் கிரெடிட் கோப்பிலும் ஒரு தாள் சேர்க்கப்படும். கிளை அலுவலர் அளவுநாடாவோடு கடைக்கு நேரில் போய் நிரப்ப வேண்டிய தாள் அது. அதில் ஐந்து கட்டங்கள்: தெருவிலிருந்து தரையின் உயரம் அல்லது தாழ்வு, அடித்தட்டின் உயரம், பத்தாண்டில் தண்ணீர் புகுந்த தடவைகள், பாலிசித் தொகைக்கும் உச்சகாலச் சரக்கு மதிப்புக்கும் உள்ள விகிதம், சுவரில் கோடு இருந்தால் அதன் உயரமும் ஆண்டும்.